உள்ளே போன கண்

நான் சொல்லப்போகிற கதையைப் பதினோரு வருஷமாக நானே முழுசாக நம்பவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு முன்னால் வந்த மூன்று பேரிடம் இதைச் சொல்லவில்லை. அவர்களிடம் பக்கத்தில் நின்று பார்த்தவன் மாதிரி அடித்துச் சொன்னேன். உங்களிடம் மட்டும் ஏன் என்றால், போன வியாழக்கிழமை ஒரு இடத்துக்குப் போய்விட்டு வந்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். அந்த ஸ்டூல் வேண்டாம், வார்னிஷ் ஒட்டும். இந்த நாற்காலியில் உட்காருங்கள்.

சங்கரலிங்கம் வீட்டுப் பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். சரிதானே? பெண்ணின் தாய்மாமன் சங்கரன்கோவிலில் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான், இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை, ஏன் என்று ஒரு எட்டுப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். சரியான வேலை. அக்கம்பக்கத்தில் கேட்டால் நல்லதைத்தான் சொல்வார்கள். பகையாளியிடம் கேட்டால்தான் உள்ளது வெளியே வரும். நான் பகையாளி. கேளுங்கள்.

பெண்ணைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். உமா என் அக்கா பெற்ற பிள்ளை. தங்கம். அவள் அப்பனைப் பற்றித்தான் சொல்வேன். அதைக் கேட்ட மூன்று பேரும் அந்தத் தெருப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் அது என் குற்றமா?

என் அக்கா ஆவுடையம்மாள் மார்புப் புற்றுநோயில் செத்தாள். மார்பில் வந்தது ஒரு காலம். திருவனந்தபுரத்தில் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து, இடது மார்பை எடுத்து, மருந்து ஏற்றி, முடி கொட்டி, முடி வளர்ந்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தோம். எட்டு வருஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் கண்ணுக்குழிக்குள் வந்தது. கண்ணில் இல்லை, கண்ணுக்குப் பின்னால், குழிக்குள். அப்படி வரும் என்று யாருக்குத் தெரியும்?

அது ஆதார் எடுத்துக்கொண்டிருந்த சமயம். பள்ளிக்கூடத்தில் கேம்ப் போட்டிருந்தார்கள். பைனாகுலர் மாதிரி ஒரு மிஷினில் கண்ணை வைக்க வேண்டும். அக்காவின் வலது கண்ணை எடுத்துக்கொண்டது. இடது கண்ணை எடுக்கவில்லை. மிஷின்காரப் பையன், "நல்லாத் தொறங்கம்மா" என்றான். "தொறந்துதான் இருக்கேன் தம்பி." "இன்னும் தொறங்க." "இதுக்கு மேல தொறந்தா உள்ள இருக்கிற மூளை வெளிய வந்திரும்டே." வரிசையே சிரித்தது. நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். நானும் சிரித்தேன்.

அப்புறம் பார்த்தால் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு கண் சின்னதாக, உள்ளே போய், இமை பாதி மூடி. பக்கவாட்டில் பார்த்தால் கண் திரும்பாது, முகத்தைத் திருப்ப வேண்டும். எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்றாள். கடைக்கு வந்தபோது என்னிடம் சொன்னாள்: "உங்க அத்தான் ரெண்டு பேரா தெரியுதாருலே. ஒருத்தரையே இருபத்தஞ்சு வருஷமா சமாளிக்க முடியல."

திருநெல்வேலியில் ஒரு கண் டாக்டரிடம் போனார்கள். அக்கா, அத்தான், துணைக்குப் புஷ்பம். புஷ்பம் யார் என்றால், அத்தான் வீட்டில் நாலு விசைத்தறி ஓடுகிறது, அதற்கு ஊடை நூலைத் தாராகச் சுற்றிக் கொடுக்க வருகிறவள். அக்காவுக்கு உடம்பு தேய்த்துவிடுவதிலிருந்து எல்லாம் அவள்தான். நான் போகவில்லை. கடையில் ஒரு பெரிய மோட்டார் அவிழ்த்துப் போட்டிருந்தேன்.

டாக்டர் ஸ்கேன் எடுத்தார். கண்ணுக்குப் பின்னால் சதை தடித்திருக்கிறது என்றார். ஏதோ வீக்கம் என்று நினைத்து மாத்திரை கொடுத்தார். அந்த மாத்திரையில் அக்காவின் முகம் உப்பிப் பூசணிக்காய் மாதிரி ஆனது. கண் மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஐந்து மாதம். ராத்திரி பகல் வலி. ஐந்து மாதம் கழித்து நான் சண்டை போட்டு மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு சின்ன வயதுப் பெண் டாக்டர். கண்ணைப் பார்த்தார், பழைய ஸ்கேனைப் பார்த்தார், ஆண்களை எல்லாம் வெளியே போகச் சொன்னார். ஐந்தே நிமிஷம். கதவைத் திறந்து என்னையும் அத்தானையும் பார்த்துக் கேட்டார்: "மார்பு ஆபரேஷன் ஆனவங்கன்னு ஏன் முன்னாடி யாருமே சொல்லலை? கண்ணு வெளிய தள்ளினா நூறு காரணம் தேடுவோம். ஒரு பொம்பளைக்கு இப்படி உள்ள இழுத்துக்கிட்டுப் போனா முதல்ல அதைத்தான் கேப்போம்."

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரியும். திருநெல்வேலி டாக்டரிடம் சொல்லவே இல்லை! கண்ணுக்குப் பின்னாலிருந்து சதை எடுத்து டெஸ்ட் செய்தார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் மார்பில் இருந்த அதே நோய். முதுகெலும்பிலும் இருந்தது. ஏழு மாதத்தில் போய்விட்டாள்.

அந்த மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துத்தான், அங்கேயும் துணைக்கு வந்திருந்த புஷ்பத்தைப் பிடித்தேன். உள்ளே என்னதான் நடந்தது, நீ இருந்தாய் அல்லவா, சொல்லு என்றேன். உடனே சொல்லவில்லை. உள்ளே அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாள். திரும்பி வந்துதான் சொன்னாள். அண்ணன் என்பாள் அத்தானை. "டாக்டர் கேட்டாரு அண்ணாச்சி, முன்னாடி ஏதும் ஆபரேஷன் ஆயிருக்கான்னு. அண்ணன் பட்டுனு சொல்லிட்டாக, கர்ப்பப்பை எடுத்திருக்கு, வேற ஒண்ணுமில்லன்னு. அக்கா வாயைத் தொறந்தா. அண்ணன் கையைப் பிடிச்சு அமுக்கிட்டாக."

இதுதான் கதை. இதைத்தான் நான் பதினோரு வருஷமாகச் சொல்கிறேன். பொண்டாட்டியின் மார்பைப் பற்றி இன்னொரு ஆம்பிளையிடம் பேச வெட்கப்பட்டு அவளைக் கொன்றவன். அந்த வீட்டில் பெண் எடுக்கலாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் சும்மா விடவில்லை. பிறந்த வீட்டுக் கோடி நான்தானே போட வேண்டும்? பட்டுச் சேலை வாங்கிக்கொண்டு போனேன். அத்தான் தலைமாட்டில் நின்றார். "இவன் தள்ளி நிக்கணும். இல்லன்னா கோடியைத் திருப்பிக் கொண்டுபோயிருவேன்" என்றேன். ஊர் முழுக்க நிற்கிறது. அவர் என்னைப் பார்த்து, "மா... மா... மா..." என்றார். மாப்ளே என்று கூப்பிடுவார் என்னை. முடிக்கிறவரை நான் நிற்கவில்லை. தள்ளி நின்றார். எரிக்கிறவரை தள்ளியே நின்றார்.

அப்புறம் தறி. விசைத்தறி மோட்டார் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது எரியும். இந்த ஊரில் காயில் கட்டுகிறவர்கள் ஆறு பேர். நாலு பேர் என்னிடம் தொழில் பழகியவர்கள். மற்ற இரண்டு பேருக்கும் கம்பி நான்தான் வாங்கிக் கொடுக்கிறேன். சங்கரலிங்கம் மோட்டாரைத் தொட்டவன் என் வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அந்த மனுஷன் மோட்டாரைச் சாக்கில் கட்டி, தோளில் தூக்கிக்கொண்டு, பஸ் ஏறி ராஜபாளையம் போவார். இதோ இந்தக் கடைக்கு எதிரில்தான் பஸ் நிற்கும். வேண்டுமென்றே வெளியே வந்து நிற்பேன். பார்ப்பார். சாக்கைத் தோள் மாற்றிக்கொள்வார். இருபத்தைந்து கிலோ மோட்டார், அறுபது வயது ஆள். எனக்கு அன்றைக்கு நல்ல சாப்பாடு இறங்கும். பொய் சொல்ல மாட்டேன், இறங்கும்.

இப்போது உமாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார். விசாரிக்கிறவர்கள் தாய்மாமனிடம் வராமல் எங்கே போவார்கள்? வந்தார்கள். தாய்க்கு மார்பில் வந்தது, கண்ணுக்கு ஏறியது, தகப்பன் மறைத்தான், உங்களிடமும் மறைத்திருப்பானே என்று கேட்டேன். மறைத்திருந்தான்! மூன்று இடத்திலும். ஒருத்தர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்க குடும்பத்தைக் காப்பாத்தினீங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்ன?

தெரியுமா? உங்களுக்கா? யார் சொன்னது?

உமாவேவா?

முதல் நாள் போனிலேயேவா? அம்மாவுக்கு இன்ன நோய், எனக்கும் வர வாய்ப்பு இருக்கிறது, டாக்டரிடம் கேட்டிருக்கிறேன், வருஷம் தவறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் என்று... பையன் என்ன சொன்னான்? சரி என்றானா? நீங்கள் பையனின் பெரியப்பாவா? பேசாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களே ஐயா. எதற்கு வந்தீர்கள் பின்னே?

அத்தான் அனுப்பினாரா.

தாய்மாமன் சம்மதம் கேட்காமல் தேதி குறிக்க மாட்டேன் என்றாரா? அவர் வாயாலா சொன்னார்? எவ்வளவு நேரம் ஆனது, சொல்லி முடிக்க?

சிரிக்காதீர்கள். இல்லை, சிரிக்கலாம். நாங்கள் எல்லோரும் சிரித்திருக்கிறோம். அத்தான் பஸ்ஸில் ஏறி டிக்கெட் கேட்பதற்குள் ராஜபாளையம் வந்துவிடும் என்று நான்தான் சொல்வேன். வீட்டுக்குள் கொஞ்சம் பேசுவார். வேற்று ஆள், அதுவும் ஆபீசர், டாக்டர், பேங்க் மேனேஜர் என்றால் தொண்டை அடைத்துவிடும். 'க' என்று ஆரம்பித்தால் நெற்றி நரம்பு புடைக்கும். கல்யாணமான நாளிலிருந்து எங்கே போனாலும் அவருக்கும் சேர்த்து அக்காதான் பேசினாள். ரேஷன் கடையில் அவள். கரண்ட் ஆபீசில் அவள். அவருடைய பல் வலிக்குப் பல் டாக்டரிடம் போனால்கூட, எந்தப் பல் என்று அவள் சொல்வாள்.

அந்த மனுஷன், முன்னே பின்னே தெரியாத டாக்டர் கேட்டதும், பட்டென்று, கர்ப்பப்பை எடுத்திருக்கு, வேறு ஒன்றுமில்லை என்று சொன்னாராம்.

இந்த யோசனை எனக்கு இன்றைக்கு வந்ததல்ல. அக்காவை எரித்துவிட்டு வந்து குளிக்கும்போதே வந்தது. அப்படியே தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டேன். பிறகு வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வரும். அதிகமாக வருவது அவர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் நாளில்தான். வந்தால் இன்னும் கொஞ்சம் கோபப்படுவேன், போய்விடும். போன மாதம் மூன்றாவது இடமும் தட்டிப்போன பிறகு உமா இந்தக் கடைக்கு வந்தாள். அழவில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நின்றுகொண்டு கேட்டாள். "மாமா, எங்கப்பா டாக்டர்கிட்ட பேசினாருன்னு ஊரெல்லாம் சொல்றீங்களே. எங்கப்பா ஒரு டாக்டர்கிட்டயாவது வாய் தொறந்து நீங்க பாத்திருக்கீங்களா?" கையில் இருந்த கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். சுற்று எண்ணிக்கை தப்பிப்போய் அந்தக் காயிலை முழுசாக அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மதுரை டாக்டரிடம் நான் கேட்டேன், முன்னாலேயே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று. "வலி குறைஞ்சிருக்கும். கண்ணைக் கொஞ்சம் காப்பாத்தியிருக்கலாம். இன்னும் சில மாசமோ, ஒரு வருஷமோ கிடைச்சிருக்கலாம். உயிரைப் பத்தி நான் எதுவும் சொல்ல முடியாது" என்றுதான் சொன்னார். நான் வெளியே வந்து, பிழைச்சிருப்பான்னு டாக்டரே சொல்லிட்டாங்க என்று சொன்னேன். சொல்லிச் சொல்லி அந்த டாக்டர் அப்படித்தான் சொன்னதாக எனக்கே காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது.

கர்ப்பப்பை என்று முதன்முதலில் சொன்னவன் யார் என்று நீங்கள் கேட்கவில்லை. முன்னால் வந்த மூன்று பேரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நான்தான்.

எனக்கு ஒரு தங்கச்சி. காந்திமதி. எங்கள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். இருபத்தாறு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடையநல்லூர் இடம் பேசி முடிக்கிற நேரத்தில் அக்காவுக்கு மார்பில் கட்டி என்றார்கள். அக்காவுக்கு வந்தால் தங்கச்சிக்கு வராதா என்று கேட்பார்கள் இல்லையா? திருவனந்தபுரத்தில் கர்ப்பப்பையை எடுத்தது என்று நான் சொன்னேன். கர்ப்பப்பை என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். தெருவுக்கு இரண்டு பேர் எடுத்திருக்கிறார்கள். அத்தான் மட்டும் எதிரில் நின்றார். "எ... எ... எதுக்கு ம... ம..." என்றார். எதற்கு மறைக்க வேண்டும் என்று கேட்க வந்திருப்பார். எனக்கு அன்றைக்கு நூறு வேலை. அவர் முடிப்பதற்குள் நான் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டேன்.

கல்யாணத்தன்று தாலித் தட்டு சபையில் சுற்றி வந்தது. அக்கா தொட்டுக் கும்பிடும்போது நான் பக்கத்தில் குனிந்து, "இது மேல கை வச்சுச் சொல்லு. காந்திமதி உசுரோட இருக்கிறவரைக்கும் இந்த விஷயம் உன் வாயிலேருந்து வராதுன்னு" என்றேன். தலையில் முடி அப்போதுதான் ஒரு விரல் அளவு வளர்ந்திருந்தது. சவுரி வைத்துப் பின்னியிருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கை வைத்தாள்.

செய்தது தப்பு என்று நான் நினைக்கவில்லை. காந்திமதிக்கு இரண்டு பையன்கள், நன்றாக இருக்கிறாள். ஊருக்குச் சொல்லாதே என்றுதானே சொன்னேன்? டாக்டரிடம் சொல்லாதே என்றா சொன்னேன்? டாக்டரும் ஊரும் ஒன்றா? அது அவளுக்குத் தெரியாதா? எட்டு வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் கர்ப்பப்பை கர்ப்பப்பை என்று சொன்னவளுக்கு, அந்த டாக்டர் கேட்டதும் அதுவே நாக்கில்... நான் அங்கே இல்லை. எனக்கு எப்படித் தெரியும்?

வியாழக்கிழமை புஷ்பத்தைப் பார்க்கத்தான் போனேன். அவள் இப்போது புளியங்குடியில் மகள் வீட்டில் இருக்கிறாள். எலுமிச்சை கமிஷன் கடையில் பழம் தரம் பிரிக்கிற வேலை. பழம் ஒரு பக்கம், காய் ஒரு பக்கம், அடிபட்டது ஒரு பக்கம். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"வாங்க அண்ணாச்சி. உமாவுக்கு நல்ல இடமா வந்திருக்காமே."

"உனக்கு யாரு சொன்னா?"

"அவதான். மாசத்துக்கு ரெண்டு தடவை போன் பண்ணுவாளே."

எனக்கு இது தெரியாது. உமா எனக்கு ஒரு தடவையும் போன் பண்ணியதில்லை.

"திருநெல்வேலி டாக்டர் ரூம்ல நடந்ததை இன்னொரு தடவை சொல்லு."

"செத்தவ செத்து எத்தனை வருஷமாச்சு. அதை இப்ப எதுக்குக் கிளறிக்கிட்டு?"

"சொல்லுட்டீ."

சொன்னாள். டாக்டர் கேட்டாரு அண்ணாச்சி, முன்னாடி ஏதும் ஆபரேஷன் ஆயிருக்கான்னு. அண்ணன் பட்டுனு சொல்லிட்டாக, கர்ப்பப்பை எடுத்திருக்கு, வேற ஒண்ணுமில்லன்னு. அக்கா வாயைத் தொறந்தா. அண்ணன் கையைப் பிடிச்சு அமுக்கிட்டாக.

ஒரு வார்த்தை மாறவில்லை ஐயா. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வராந்தாவில் சொன்ன அதே வார்த்தை, அதே வரிசை. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறவர்கள் தடவைக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். ஒன்றை விடுவார்கள், புதிதாக ஒன்று ஞாபகம் வரும், டாக்டர் என்ன சட்டை போட்டிருந்தார் என்பார்கள். மனப்பாடம் செய்ததுதான் மாறாது. எனக்குத் தெரியும். நானும் அப்படித்தானே மூன்று பேரிடம் ஒப்பித்தேன்.

"திக்காமச் சொன்னாரா?" என்று கேட்டேன்.

அவள் கை நின்றது. கையில் இருந்த எலுமிச்சையை எந்தப் பக்கமும் போடாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நீங்க நின்ன நிலை உங்களுக்குத் தெரியாது அண்ணாச்சி. தூண்ல தலையை முட்டிக்கிட்டு நின்னீக. ஆவுடை யாருக்குப் பயந்து மறைச்சா, யாருக்குப் பயந்து மறைச்சான்னு திரும்பத் திரும்ப அதையே கேட்டீக. அப்ப உங்ககிட்ட என்னத்தைச் சொல்லச் சொல்லுதீக? நீங்க உசுரோட வீடு போய்ச் சேரணுமேன்னுதான் எங்களுக்கு இருந்துச்சு."

எங்களுக்கு என்றாள். வராந்தாவில் என்னோடு அவள் மட்டும்தான் நின்றாள். கட்டிலில் அக்கா படுத்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் அத்தான் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்துதான் இருந்தது, நான் தூணில் முட்டிக்கொண்டு கேட்டதெல்லாம் அவர்கள் காதில் விழுந்திருக்கும்.

சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், வாங்கவில்லை. பதினோரு வருஷமாக நான் கேட்டிருக்க வேண்டியது, கேட்டால் அதற்குப் பிறகு எனக்கு வெறுக்க ஆளே இருக்காது என்று கேட்காமல் வைத்திருந்தது, அதை அவளிடம் கேட்டேன்.

"அப்படிச் சொல்லச் சொல்லி உன்னை எங்கிட்ட அனுப்பினது யாரு புஷ்பம்? அக்காவா, அத்தானா?"